யாருடைய இடது?

டிரம்ஸை மிக்ஸ் செய்யக் கற்றுத்தரும் எந்தப் பாடத்தை எடுத்தாலும் ஒரு சொல் தவறாமல் வந்துவிடும்: ‘இயல்பாக’. கிக்கையும் ஸ்நேரையும் நடுவில் வை, ஹை-ஹாட்டை ஒரு பக்கம் கொஞ்சம் தள்ளு, டாம்களை வரிசையாகப் பரப்பு, சிம்பல்களை இரண்டு ஓரங்களுக்கும் கொடு. டிரம்ஸ் இயல்பாகக் கேட்கும் என்பார்கள். யாருக்கு இயல்பாகக் கேட்கும் என்று மட்டும் சொல்லமாட்டார்கள். எனக்குப் பேச வேண்டியிருப்பது அந்த ‘யாருக்கு’ பற்றித்தான்.

மிக்ஸ் செய்து பழக்கமில்லாதவர்களுக்கு ஒரு சின்ன விளக்கம். ஸ்டீரியோவில் இரண்டே வாய்க்கால்கள், இடது, வலது. ஓர் ஒலி இரண்டிலும் ஒரே அளவில் போனால் அது நமக்கு நடுவிலிருந்து வருவதாகத் தோன்றும். ஒன்றில் கூட்டி இன்னொன்றில் குறைத்தால் கூடிய பக்கம் நகரும். இந்த நகர்த்தலுக்குத்தான் பேனிங் என்று பெயர். ஒரு குமிழைத் திருப்பினால் போதும். ஒவ்வொரு டிரம்முக்கும் தனி மைக் வைத்துப் பதிவு செய்திருந்தால் ஒவ்வொன்றுக்கும் ஒரு குமிழ் இருக்கும். அதாவது, ஒரே ஆள் ஒரே ஸ்டூலில் உட்கார்ந்து வாசித்ததைப் பத்துப் பன்னிரண்டு துண்டுகளாக வெட்டி மேசைமேல் பரப்பியாயிற்று. அந்தத் துண்டுகளை மறுபடி எங்கே வைப்பது என்பதுதான் கேள்வி.

நான் பகலில் நிரல் எழுதுகிறவன். இரவில் நண்பர்களின் இசைக்குழுப் பதிவுகளை மிக்ஸ் செய்து கொடுப்பேன். இரண்டுக்கும் நடுவே கதை வாசிக்கிறவன். அதனாலோ என்னவோ, அந்தக் குமிழைத் தொடும்போதெல்லாம் ‘நோக்குநிலை’ என்ற சொல்தான் எனக்கு நினைவுக்கு வரும். கதையை யார் சொல்கிறார்கள், எங்கே நின்று சொல்கிறார்கள் என்று கேட்கிறோம் இல்லையா? இதையும் அப்படியே கேட்கலாம்.

முதலில் கொஞ்சம் கணக்கு. ஒரு டிரம் கிட் ஓரத்துக்கு ஓரம் ஒன்றரை மீட்டர் அகலம் என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் 10 மீட்டர் தள்ளி, பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்திருக்கிறீர்கள். பள்ளிக்கூட முக்கோணவியல் போதும்: அந்தக் கிட் முழுவதும் உங்கள் காதுக்கு முன்னால் எட்டரை டிகிரிக்குள் அடங்கிவிடும். வீட்டில் ஸ்பீக்கர்களை முறையாக வைத்தால் இரண்டுக்கும் இடையிலான கோணம் 60 டிகிரி. ஆகவே, ஒரு ரசிகனின் காதுக்கு உண்மையாக இருக்க வேண்டுமென்றால் மொத்த டிரம்ஸும் ஸ்டீரியோ வெளியில் ஏழில் ஒரு பங்குக்குள் ஒடுங்கிக் கிடக்க வேண்டும். அரங்கத்தின் எதிரொலியையும் சேர்த்தால் அந்தச் சின்ன அகலம்கூடக் கரைந்துவிடும். பெரிய கச்சேரிகளில் நிலைமை இன்னும் மோசம். இடதுகோடியில் நிற்பவருக்கு வலதுபக்க டாம் கேட்காமல் போய்விடக்கூடாதே என்று ஒலியமைப்பாளர்கள் பெரும்பாலும் எல்லாவற்றையும் நடுவை ஒட்டித்தான் வைப்பார்கள். ‘நேரில் கேட்கிற மாதிரி’ என்று நாம் பாராட்டுகிற அகன்ற டிரம்ஸை நேரில் யாரும் கேட்டதில்லை.

ஒரே ஒருவர் கேட்டிருக்கிறார். வாசிக்கிறவர். அவருக்கு ஹை-ஹாட் இடது முழங்காலுக்கு அப்பால், ஃப்ளோர் டாம் வலது தொடைக்குப் பக்கத்தில், ஸ்நேர் இரண்டு முழங்கால்களுக்கும் நடுவே. கிராஷ் சிம்பல்கள் தலைக்கு இருபுறமும் முன்னால். ஸ்பீக்கரின் 60 டிகிரி அவருக்குப் போதவே போதாது. ஆக, அகலமான டிரம்ஸ் என்பது டிரம்மரின் இருக்கை. இலக்கணத்தில் சொன்னால் தன்மை. ரசிகனின் இருக்கை படர்க்கை. படர்க்கையில் இடம் வலம் மாறும்: வலதுகைக்காரர் வாசித்தால் ஹை-ஹாட் நமக்கு வலதில், ஃப்ளோர் டாம் இடதில். டிரம்ஸ் மென்பொருள்கள் பலவற்றில் இதற்கு ஒரு பொத்தானே உண்டு, ‘டிரம்மர்’ அல்லது ‘ரசிகர்’ என்று. நாவலாசிரியர்கள் மண்டையை உடைத்துக்கொள்ளும் விஷயம் இங்கே ஒரு பூலியன். ஆனால் அந்தப் பொத்தான் இடத்தையும் வலத்தையும் மட்டும்தான் மாற்றும், தூரத்தைத் தொடாது. ‘ரசிகர்’ என்று தேர்ந்தெடுத்த பிறகும் டிரம்ஸ் சுவருக்குச் சுவர் விரிந்தே கிடக்கும். வாசிப்பவருக்கு எதிரே, அவர் மடிமீது ஏறாத குறையாக உட்கார்ந்திருக்கும் ஒரு ரசிகர். அப்படி யாரும் கிடையாது.

மைக்குகளிடம் கேட்டாலும் இதே கதைதான். டிரம்ஸுக்கு மேலே, சிம்பல்களிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில் இரண்டு ஓவர்ஹெட் மைக்குகள் தொங்கும். மொத்தக் கிட்டையும் பிடித்துத் தருவதால் இவை தருவதே இயல்பான சித்திரம் என்பது பொது நம்பிக்கை. ஆனால் இரண்டு காதுகளையும் ஒன்றரை மீட்டர் இடைவெளியில் வைத்துக்கொண்டு கூரையிலிருந்து தலைகீழாகத் தொங்கும் ராட்சதனைத் தவிர அந்த இடத்திலிருந்து கேட்பவர் யார்? தனி மைக்குகள் இன்னும் விசித்திரம். ஸ்நேரின் தோலிலிருந்து நாலு விரல் தூரத்தில் மைக். அங்கே யாராவது காதை வைத்தால் அந்தக் காது அன்றோடு போச்சு.

டிரம்ஸை ஸ்டீரியோவில் வைப்பதற்கு இயற்கையான வழி என்று ஒன்று இல்லை. எல்லாமே மரபுகள். மரபுகளுக்குப் பின்னால் பெரும்பாலும் இருப்பது இயந்திரங்கள்.

ஸ்டீரியோவுக்குக் காப்புரிமை கேட்டு ஆலன் பிளம்லைன் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் விண்ணப்பித்தது 1931-இல். சினிமாவில் நடிகர் திரையின் ஒரு பக்கம் நிற்க, குரல் வேறெங்கிருந்தோ வருவது அவருக்கு உறுத்தியது என்று சொல்வார்கள். உடல் இருக்கும் இடத்திலிருந்து குரல் வரவேண்டும், அவ்வளவுதான் ஆசை. ஸ்டீரியோ இசைத்தட்டுகள் 1950-களின் இறுதியில் கடைகளுக்கு வந்தபோது இந்த ஆசையோடு இன்னொரு கட்டாயமும் சேர்ந்துகொண்டது. இசைத்தட்டில் இடதும் வலதும் ஒரே பள்ளத்தின் இரண்டு சுவர்கள். கனமான தாழ் ஒலி இரண்டிலும் ஒத்துப்போகாமல் இருந்தால் ஊசி மேலும் கீழும் ஆடும், பள்ளத்தைவிட்டே குதித்தாலும் குதிக்கும். கிக்கும் பேஸும் நடுவில் இருப்பது பாதுகாப்பு. இன்று யாரும் ஊசிக்குப் பயந்து மிக்ஸ் செய்வதில்லை. ஆனால் கிக் நடுவிலேயே இருக்கிறது. எல்லா மரபுகளையும் போலவே இதுவும் காரணம் போன பிறகும் அழகாக நிலைத்துவிட்டது.

1959-இல் வந்த மைல்ஸ் டேவிஸின் ‘கைண்ட் ஆஃப் புளூ’வை ஹெட்ஃபோனில் கேட்டுப் பாருங்கள். மூன்று தட நாடாவில் பதிவானது. ஜிம்மி காபின் டிரம்ஸ் மொத்தமும் ஒரு பக்கம் இருக்கும். புதிதாகக் கேட்பவர்களுக்கு இது பழைய காலத்துக் குறைபாடாகத் தோன்றலாம். கொஞ்சம் யோசித்தால் இதுதான் உண்மைக்கு மிக நெருக்கம். ஒரு சின்ன மேடையில் ஆறேழு பேர் நின்றால் டிரம்மரும் அவர்களில் ஒருவர். அவருக்கு ஒரு மூலை உண்டு. அவருடைய ஹை-ஹாட் பியானோவுக்கு அந்தப் பக்கமும் டாம் சாக்ஸஃபோனுக்கு இந்தப் பக்கமும் இருக்க முடியாது. ஜாஸ் பதிவுகளில் டிரம்ஸ் ஒரு வாத்தியம். ராக் பதிவுகளில் அது வெளியாகவே மாறியது. பாடகர், கிதார் எல்லோரும் டிரம்ஸுக்கு உள்ளே நின்று வாசிப்பதுபோல. 80-களின் ராக் பாடல்களில் டாம் உருட்டல் ஒரு காதில் தொடங்கித் தலையைக் குறுக்கே கடந்து மறு காதில் முடியும்போது நாம் எங்கே இருக்கிறோம்? டிரம்ஸுக்குள்தான். பதினான்கு வயதில் அது தந்த போதையை நான் மறுக்கமாட்டேன். உண்மைபோல இருந்ததால் வந்த போதை அல்ல அது.

எல்லாமே பொய்தான் என்றால் எப்படி வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாமா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. இதைப் புரியவைத்தது ஒரு டிரம்மர் நண்பன். யாரோ அனுப்பிய ஒரு பதிவை என் அறையில் ஹெட்ஃபோனில் கேட்டுக்கொண்டிருந்தான். டிரம்மர்கள் சும்மா கேட்கமாட்டார்கள், காற்றில் வாசித்துக்கொண்டே கேட்பார்கள். இரண்டு சுற்று நன்றாகப் போனது. ஒரு டாம் உருட்டல் வந்ததும் அவன் கை பாதியில் நின்றுவிட்டது. மறுபடி ஓட்டினான். மறுபடி நின்றது. “மச்சி, இதுல கை எங்க போகுதுன்னே தெரியலடா” என்றான். பார்த்தால், ஹை-ஹாட் டிரம்மரின் இடத்திலிருந்தும் டாம்கள் ரசிகரின் இடத்திலிருந்தும் பேன் செய்யப்பட்டிருந்தன. ஹை-ஹாட்டும் ஃப்ளோர் டாமும் ஒரே இடதில். ஒவ்வொன்றும் தனித்தனியே சரி. இரண்டையும் வாசிக்க ஓர் உடல் வேண்டுமே, அது அங்கே இல்லை.

தன்மையில் போய்க்கொண்டிருக்கும் கதையில் திடீரென்று அடுத்த அறையில் நடப்பதைக் கதைசொல்லி பார்த்துவிடுவதைப் போன்றது இது. தேர்ந்த வாசகர் பெயர் சொல்லிச் சுட்டிக்காட்டுவார். மற்றவர்களுக்கு என்னவோ சரியில்லை என்று மட்டும் தோன்றும், புத்தகத்தை மூடிவைப்பார்கள். எந்த இருக்கையைத் தேர்ந்தெடுத்தாலும் நான் நம்பத் தயார். பாதியில் எனக்குத் தெரியாமல் இருக்கை மாற்றினால்தான் நம்பிக்கை போய்விடுகிறது. டிரம்ஸில் உண்மை என்று நான் சொல்வது இதைத்தான்: எல்லாத் துண்டுகளும் ஒரே ஆளின் இரண்டு கை, இரண்டு கால் எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும், எல்லாவற்றையும் ஒரே காது கேட்க வேண்டும்.

இதற்கு அகலம் தேவையில்லை. ரிங்கோ ஸ்டாரை எடுத்துக்கொள்ளுங்கள். பீட்டில்ஸ் பதிவுகளில் பெரும்பாலானவற்றில் அவருடைய டிரம்ஸ் ஒரே தடத்தில் அடைபட்டது. டாம் இங்கே சிம்பல் அங்கே என்ற பேச்சே இல்லை. 1969-இன் ‘ஆபி ரோட்’ தட்டுக்கு எட்டுத்தடம் வந்த பிறகுதான் ‘தி எண்ட்’ பாட்டில் அவருடைய தனி வாசிப்பு இரண்டு தடங்களில் ஸ்டீரியோவாகப் பதிவானது. ஆனால் அதற்கு முந்தைய மோனோ பதிவுகளிலேயே அந்த உடல் நமக்குத் தெரியும். ரிங்கோ இடதுகைக்காரர், வாசித்ததோ வலதுகைக்காரர்களுக்காக அடுக்கிய கிட்டில். டாம்களைச் சுற்றிவர மற்றவர்களுக்கு எளிதான பாதை அவருக்கு எளிதல்ல. அந்தச் சின்னத் தயக்கமும், எதிர்பாராத இடத்தில் வந்து விழும் அடியும்தான் அவருடைய கையெழுத்து. ஒற்றைப் புள்ளியில் குவிந்த ஒலியிலும் ஒரு தோள்பட்டை திரும்புவதை நம்மால் கேட்க முடிகிறது. எந்தக் குமிழும் இதைச் சேர்த்துவிட முடியாது. கவனமில்லாமல் திருப்பினால் கெடுக்க முடியும்.

எதிர்முனை உதாரணம் ஜான் பான்ஹம். 1971-இல் வந்த லெட் செப்பெலினின் நான்காவது தட்டு. அதில் ‘வென் தி லெவி பிரேக்ஸ்’. ஹெட்லி கிரேஞ்ச் என்ற பழைய ஏழைகள் விடுதி. கிட்டை மாடிப்படிக்கூடத்தின் அடியில் போட்டுவிட்டு, மேலே படிக்கட்டில் இரண்டே இரண்டு மைக்குகளைத் தொங்கவிட்டார் ஆண்டி ஜான்ஸ். கிக்குக்குத் தனி மைக் இல்லை, ஸ்நேருக்கும் இல்லை. பேன் செய்யத் துண்டுகளே கிடையாது. இத்தனை வருடங்களாகக் கேட்கிறேன், அதில் ஹை-ஹாட் எந்தப் பக்கம் என்று யோசித்ததே இல்லை. அங்கே கதை சொல்வது டிரம்மரும் இல்லை, ரசிகரும் இல்லை. வீடே சொல்கிறது. அவருடைய அண்ணன் கிளின் ஜான்ஸ் 1968-இல் அதே குழுவின் முதல் தட்டைப் பதிவு செய்தபோது தற்செயலாகக் கண்டடைந்த முறை இன்று அவர் பெயராலேயே வழங்குகிறது: ஒரு மைக் மேலே, இன்னொன்று ஃப்ளோர் டாமுக்கு அருகே, ஸ்நேரிலிருந்து இரண்டும் ஒரே தூரத்தில், ஒன்று இடதுக்கு மற்றொன்று வலதுக்கு. இந்த மூன்றாவது நிபந்தனையில்தான் சூட்சுமம். தூரம் சமம் என்றால் ஸ்நேர் இரண்டு மைக்கையும் ஒரே நேரத்தில் சேரும், நடுவில் உறுதியாக நிற்கும். மற்றதெல்லாம் அதைச் சுற்றித் தானாக இடம் பிடித்துக்கொள்ளும்.

என் மிக்ஸ்களுக்கு நான் எடுத்துக்கொண்ட பாடம் இதுதான். முதலில் எல்லாத் தனி மைக்குகளையும் ஊமையாக்கிவிட்டு ஓவர்ஹெட்டுகளை மட்டும் கேட்பேன். ஹை-ஹாட் எங்கே இருக்கிறது, ஃப்ளோர் டாம் எங்கே என்று ஒரு தாளில் குறித்துக்கொள்வேன். பிறகு ஒவ்வொரு தனி மைக்கையும் திறந்து ஓவர்ஹெட் காட்டும் இடத்திலேயே வைப்பேன், என் விருப்பத்துக்கு அல்ல. ஓவர்ஹெட்டில் டாம் பாதி வலதில் இருக்க, தனி மைக்கை முழு வலதுக்குத் தள்ளினால் அடியின் முனை ஓரிடத்திலும் அதன் முழக்கம் வேறிடத்திலும் கேட்கும். ஒரே டிரம் இரண்டு டிரம்மாகிவிடும். முழு ஓரம் நூறு என்று கொண்டால் ஹை-ஹாட் முப்பது, சின்ன டாம் இருபது, ஃப்ளோர் டாம் எதிர்ப்பக்கம் நாற்பது என்ற அளவில்தான் பெரும்பாலும் முடியும். பக்கத்தில் வாசித்துப்பார்த்த டிரம்ஸ் மனதில் எவ்வளவு அகலமோ அவ்வளவு. கடைசியில் எல்லாவற்றையும் மோனோவாக்கிக் கேட்பேன். ஸ்நேரிலிருந்து ஒரு ஓவர்ஹெட்டுக்கும் இன்னொன்றுக்கும் 34 சென்டிமீட்டர் வித்தியாசம் இருந்தால் ஒலி ஒன்றில் ஒரு மில்லி விநாடி பிந்தும். இரண்டையும் கூட்டும்போது 500 ஹெர்ட்ஸில் ஒரு பள்ளம் விழும், ஸ்நேரின் சதை போய் எலும்பு மட்டும் மிஞ்சும். மோனோவில் தேறாத டிரம்ஸ் ஸ்டீரியோவில் நிற்பது அகலத்தின் தயவில்தான்.

இதில் ஒரு நியாயமான மறுப்பு உண்டு. கணினியில் செய்யும் இசையில் ஹை-ஹாட் காதைச் சுற்றிப் பறக்கிறதே, அதற்கு என்ன சொல்கிறாய்? ஒன்றும் சொல்லமாட்டேன். அந்த இசை ‘இங்கே ஓர் ஆள் உட்கார்ந்திருக்கிறார்’ என்று என்னிடம் சொல்லவே இல்லை. ஆள் இருப்பதாகச் சொல்லிவிட்டு அவருக்கு மூன்றாவது கை முளைக்கும்போதுதான் பிரச்சினை.

கடினமான கேள்வி வேறொன்று. பீட்டில்ஸின் ‘ரிவால்வர்’ 1966-இல் நான்கு தடங்களில் பதிவானது. ‘டாக்ஸ்மேன்’ பாட்டின் பழைய ஸ்டீரியோவில் டிரம்ஸ், பேஸ், தாளக் கிதார் மூன்றும் இடது ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். ஒரே தடத்தில் கலந்துவிட்டதைப் பிரிக்க வழியில்லை. 2022-இல் கைல்ஸ் மார்ட்டின் அந்தத் தட்டை மறுபடி மிக்ஸ் செய்தார். கலந்த தடத்திலிருந்து டிரம்ஸையும் பேஸையும் கிதாரையும் தனித்தனியே உரித்தெடுக்கக் கற்ற மென்பொருள் அதற்குள் வந்திருந்தது. டிரம்ஸ் ஓரத்தைவிட்டு நடுப்பக்கம் வந்தது.

இது திருத்தமா, திரிபா? மார்ட்டினின் தரப்பில் ஒரு வலுவான நியாயம் இருக்கிறது. 60-களின் மிக்ஸ் அறையில் ஸ்பீக்கர்களுக்காகச் செய்தது. ஸ்பீக்கரில் இடது ஒலி வலது காதையும் எட்டும், சுவரில் பட்டுத் திரும்பும், ஓரம் மழுங்கும். நாம் கேட்பது காதுக்குள் செருகிய இயர்போனில். இடதில் வைத்தது இடது காதைத் தவிர எங்கும் போவதில்லை. ஒரு காதுக்குள் மட்டும் யாரோ டிரம்ஸ் வாசிப்பது எந்த இருக்கையின் அனுபவமும் இல்லை. ரயிலில் கேட்கும் பதினெட்டு வயதுக்காரருக்கு 2022-தான் உடனே திறக்கும் கதவு. நான் அதை மறுக்கவில்லை.

ஆனாலும் பழையதை இழக்க நான் தயாரில்லை. அந்த இடது ஓரத்தில் டிரம்ஸும் பேஸும் கிதாரும் ஒரே மூச்சில் வாசித்தவர்களாக நெருக்கி நிற்கிறார்கள். ஒரே நாடாவில் ஒன்றின்மேல் ஒன்று கசிந்த அந்த நெருக்கம், அவர்கள் ஓர் அறையில் ஒன்றாக இருந்ததற்கான சாட்சி. மென்பொருள் அவர்களைப் பிரித்து, ஆளுக்கோர் இடம் கொடுத்து, மரியாதையாக நிற்கவைத்திருக்கிறது. இன்றைய பதிவு எப்படி இருக்க வேண்டும் என்று நாம் பழகியிருக்கிறோமோ அப்படி. ‘இயல்பு’ என்ற பெயரில் அங்கே நடந்தது ஒரு காலத்தின் மரபை எடுத்துவிட்டு இன்னொரு காலத்தின் மரபை வைத்தது. இரண்டும் கடையில் கிடைக்கும்வரை கவலையில்லை. ஒன்றுதான் சரியானது என்று சொல்லத் தொடங்கும்போது கவலைப்பட வேண்டும்.

உங்களுக்குப் பிடித்த ஒரு பாட்டை இன்று எடுத்துக்கொள்ளுங்கள். பாடகரை விட்டுவிடுங்கள், டிரம்ஸை மட்டும் பின்தொடருங்கள். ஹை-ஹாட் எந்தப் பக்கம்? டாம் உருட்டல் எந்தத் திசையில் போகிறது? கிராஷ் விழும் இடத்தை அந்தக் கை எட்டுமா? எட்டுகிறது என்றால், நீங்கள் எங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள்? ஸ்டூலிலா, எதிரிலா, படிக்கட்டிலா? எட்டவில்லை என்றால், ஒரு மனிதர் வியர்க்க வியர்க்க வாசித்ததை யாரோ துண்டுகளாக்கி அப்படியே விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள்.